ருசி பார்க்காமல் வைத்த பரங்கிக்காய்க் கூட்டு

எங்கள் வீட்டில் முழுப் பரங்கிக்காயைப் பெண்கள் பிளக்கக் கூடாது. ஆண் ஒருவர் முதல் வெட்டுப் போட்டுக் கொடுத்த பிறகுதான் நாங்கள் அரிவாள்மனையில் வைத்து நறுக்கலாம். ஏன் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், "எல்லாத்துக்கும் ஒரு கேள்வி" என்பார்கள். அதனால் என் மாமியாரின் இரண்டாம் வருஷத் திதியன்று காலையில், தலைக்குக் குளித்த ஈரத்தோடு, அந்தக் காயைத் தூக்கிக்கொண்டு மாமனார் முன்னால் போய் நின்றேன். போய் நின்றேன் என்று எழுதுவது சுலபம். அவர் முன்னால் நிற்பதென்றால் நான் பாதி வழியில் இரண்டு தடவை திரும்பி வருவேன்.

அவர் கை நீட்டுகிற மனிதர் இல்லை. கத்தவும் மாட்டார். சாப்பாட்டில் ஏதாவது சரியில்லை என்றால் ஒரே ஒரு வார்த்தை வரும். "உப்பு." அல்லது, "கொழஞ்சிருக்கு." சொல்லிவிட்டுத் தட்டை ஒரு தள்ளு தள்ளி எழுந்து வயலுக்குப் போய்விடுவார். சிமெண்ட் தரையில் தட்டு தேய்கிற அந்தச் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்பதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம். அத்தை இருந்தவரை அதெல்லாம் அவர் தலையில் விடிந்தது. அத்தை போன பிறகு என் தலையில். என் கணவர் சிங்கப்பூரில் இருந்தார். மகன் திருச்சியில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தான். நீடாமங்கலத்துக்கு அந்தப் பக்கம், நாலு பக்கமும் வயல் சூழ்ந்த அந்த வீட்டில் மிச்சம் இருந்தது நானும் மாமாவும்தான். அவர் எதற்கு வாயைத் திறந்தாலும் நான் அடுப்படிக்குள் விறைத்துப்போய் நின்றுவிடுவேன்.

திதியன்று மட்டும் குறை சொல்லக் கூடாது. இறந்தவருக்குப் படைத்த சோறு, எப்படி இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட வேண்டும். முதல் வருஷம் மாமா அப்படித்தான் சாப்பிட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. சாயங்காலம் விளக்கு வைத்ததும் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஆரம்பித்தார் பாருங்கள்: வடையில் எண்ணெய், சாம்பாரில் புளி, பாயசத்தில் வெல்லம். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்திருக்கிறார் மனிதர்.

இந்த வருஷம் அதைவிட மோசமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். தை மாசத்தில் பெய்யக் கூடாத மழை பெய்து, அறுக்க இருந்த சம்பா அப்படியே சாய்ந்து கிடந்தது. தண்ணீருக்குள் கிடந்த கதிரிலேயே நெல் முளை விட்டிருந்தது. மாமா காலையில் போய் வரப்பில் நிற்பார், வருவார், மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். "அறுவடை மிஷின் இறங்குமா மாமா?" என்று ஒரு தடவை கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எதையும் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

பரங்கிக்காய் கடையில் வாங்கியது இல்லை. கொல்லைக் குப்பைக்குழியில் தானாக முளைத்த கொடி. அது வைக்கோல் போர் மேல் ஏறி, போர் உச்சியில் ஒரே ஒரு காய் காய்த்தது. அத்தை பரங்கி விதையை வழித்து அந்தக் குழியில்தான் போடுவார். அத்தைக்கு உயிரே பரங்கிக்காய்க் கூட்டுதான். அதனால் மாமா அந்தக் காயை யாரையும் தொடவிடவில்லை. "இது தெவசத்துக்கு," என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

மாமா அரிவாளை ஓங்கி ஒரே போடு போட்டார். காய் இரண்டாக விழுந்தது. உள்ளே சதை வழக்கத்தைவிட வெளுப்பாக, நார் நாராக இருந்தது. போரின் மேல் வெயிலில் கிடந்த காய் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்?

தோலோடு பெரிய பெரிய துண்டாக நறுக்கினேன். ஊறவைத்த காராமணியை முக்கால் வேக்காடு வேகவிட்டு, காயைப் போட்டு, மஞ்சளும் உப்பும் போட்டு மூடினேன். தேங்காய், காய்ந்த மிளகாய், சீரகம், ஒரு ஸ்பூன் அரிசி மாவு வைத்து அரைத்து ஊற்றினேன். அத்தை கடைசியில் வெல்லம் தட்டிப் போடுவார், கொஞ்சம் தாராளமாகவே. நானும் தாராளமாகப் போட்டேன். கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டியதும் வீடே மணத்தது. அடுத்த அடுப்பில் பாகற்காய் வெந்துகொண்டிருந்தது. வாழைக்காய்ப் பொரியல், சாம்பார், வடை, பாயசம் எல்லாம் வரிசையாக இறங்கின. எதையும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. படைப்பதற்கு முன்னால் ருசி பார்க்கக் கூடாது. முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. உப்பெல்லாம் கைக்கணக்குதான். அன்றைக்குச் சமைப்பதென்பது எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றுக் கட்டையில் நடக்கிற மாதிரி.

படைத்தோம். மாமா கற்பூரம் காட்டினார். காக்கை வந்து வடையை மட்டும் தூக்கிக்கொண்டு போனது. சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் என் கணவர் அம்மா படத்தைப் பார்த்து அழுதார். பிறகு மாமாவுக்கு இலை போட்டேன். முந்தின நாள் ராத்திரியிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நான் உட்கார வேண்டும்.

முதலில் பரங்கிக்காய்க் கூட்டைத்தான் தொட்டார். ஒரு வாய் வைத்ததும் கை அப்படியே நின்றது. என் ரத்தமும் நின்றது. உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேனா? மாமா நிமிர்ந்து அத்தை படத்தைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, அந்தக் கூட்டு முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். தண்ணீரைக் குடித்தார்.

"அந்தக் கூட்ட இன்னும் கொஞ்சம் போடு."

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அவர் எதையும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. போட்டேன். அதையும் முடித்துவிட்டு, "அதுல இன்னும் இருக்கா? எல்லாத்தையும் வழிச்சுப் போடு," என்றார். வழித்துப் போட்டேன். அடுப்படிக்குள் ஓடிவந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பெரிய பதவி உயர்வு கிடைத்த மாதிரி அப்படி ஒரு சந்தோஷம். அவருக்கு அந்த நேரத்தில் உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது.

எனக்கு இலை போட்டுக்கொண்டு உட்காரப் போனேன். கொல்லையில் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. ஓடினேன். மாமா கிணற்றடியில் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். நான் போய்ப் பிடிப்பதற்குள் மறுபடியும். அப்புறம் கழிவறைக்கு ஓடினார். வெளியே வந்தவர் முகத்தில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. வேட்டியில் ரத்தக் கறை இருந்தது. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்து அதை மடித்து மறைத்தார். இரண்டு அடி வைத்தார், அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். உடம்பு ஐஸ். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"மாமா! மாமா!" என்கிறேன். கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை.

பக்கத்து வீட்டு அக்காவைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் வீட்டுக்காரரின் ஆட்டோவில் மாமாவைத் தூக்கிப் போட்டோம். அக்கா வீட்டைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டார். ஆட்டோ போகிற வேகத்தில் மாமாவின் தலை என் தோளில் இங்கும் அங்கும் ஆடியது. அவர் தலையை நான் அதுவரை தொட்டதே இல்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அந்தக் கேட்டோடு ஒரு ஜென்மப் பகை உண்டு. அன்றைக்கு நான் அதை வைத வசையை எழுத முடியாது. நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. மாமாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூச்சு வருகிறதா, அது காற்றா என்று தெரியவில்லை. ஆட்டோக்கார அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"ஏம்மா, பெரியவரு எதையும் குடிச்சிடலல்ல?"

அதுவரை அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. வந்ததும் மற்ற எல்லாம் மறந்துபோனது. சாய்ந்த பயிர். பேச்சில்லாமல் படுத்துக் கிடந்த நாட்கள். இன்றைக்குப் பார்த்து அத்தையின் திதி. மாட்டுக் கொட்டகையில் பூச்சி மருந்து டப்பாக்கள். கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரே, அது கடைசிச் சாப்பாடு என்று நினைத்துச் சாப்பிட்டதா? எனக்கு அழுகை வரவில்லை. பல் தந்தியடித்தது. அவ்வளவுதான்.

அரசு ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு இளவயது டாக்டரம்மா. பிரஷர் பார்த்தார், முகம் மாறியது. நர்ஸ் ஊசி குத்தி பாட்டில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கேள்வி வந்தது.

"என்னம்மா குடிச்சாரு? பூச்சி மருந்தா, எலி மருந்தா? மறைக்காம சொல்லுங்க."

"தெரியல டாக்டர். சாப்பிட்டாரு. தெவச சாப்பாடு. ஒடனே வாந்தி."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"வேற யாராவது?"

"வேற யாருமில்ல. நாங்க ரெண்டு பேர்தான்."

சொல்லிவிட்டேன், சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே புரிந்தது. சமைத்தது நான். சாப்பிட்டது அவர் மட்டும். வாசலில் நின்ற ஆஸ்பத்திரி போலீஸ்காரர் இரண்டு அடி உள்ளே வந்தார். விஷம் என்று சந்தேகம் வந்தால் அவர்கள் வந்துதான் ஆக வேண்டுமாம். அக்கா தகவல் சொல்லி, சீர்காழியிலிருந்து நாத்தனார் கிளம்பும்போதே எனக்குப் போன் போட்டாள். "அப்பாவுக்கு என்ன அண்ணி குடுத்தீங்க?" என்றுதான் அவளும் கேட்டாள். பதற்றத்தில் கேட்டதுதான். என்றாலும் அந்த 'குடுத்தீங்க' என் காதில் கிடந்து இரைந்தது.

டாக்டரம்மா மாமாவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"கண்ணப் பாத்தா பூச்சி மருந்து மாதிரி இல்ல. ஆனா நீங்க சொல்ற சாப்பாட்டுக்கு இவ்வளவு மோசமா ஆகாது. பூச்சி மருந்துக்குப் போடுற ஊசி வேற. குடிக்காதவருக்குப் போட்டா இந்த வயசுல நெஞ்சு தாங்காது. குடிச்சவருக்குப் போடாம விட்டா…" நிறுத்திக்கொண்டார். "அவருகிட்ட நீங்களே கேளுங்க."

கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தேன். "மாமா, எதையாவது குடிச்சீங்களா? சொல்லிடுங்க மாமா."

தலையை இல்லை என்று அசைத்தார். போலீஸ்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "சாப்பாடு எப்படி பெரியவரே இருந்துச்சு? எதாச்சும் வித்தியாசமா இருந்துச்சா?" என்று கேட்டார்.

மாமா அந்தக் காக்கிச் சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சாப்பாட்டுல ஒரு கொறையும் இல்ல," என்றார். "நல்லா இருந்துச்சு."

என் சமையலை அவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்டு எனக்கு உயிரே போய்விட்டது. சாப்பாடு நன்றாக இருந்தது என்றால், மிச்சம் மருந்துதான். டாக்டரம்மாவும் அதையேதான் யோசித்திருக்க வேண்டும். நர்ஸிடம் திரும்பி ஏதோ ஊசியைத் தயாராக வைக்கச் சொன்னார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "கொட்டகையில மருந்து டப்பா எல்லாத்தையும் பாருங்கக்கா. அப்படியே சமச்ச பாத்திரம் அத்தனையும் அள்ளிக்கிட்டு வாங்க." அக்கா தன் மகனின் வண்டியில் பறந்து வந்தார். டப்பாக்கள் எல்லாம் மூடி திறக்காமல் இருந்தன என்றார். பூட்டிய பெட்டியில் இருந்தனவாம், சாவி அடுப்படி ஆணியில் தொங்கியதாம். "ஆனா வேற எங்கயாவது வாங்கியிருந்தா?" என்றார் போலீஸ்காரர். அவர் வேலை அவருக்கு.

பாத்திரங்களை ஆஸ்பத்திரி வராந்தாவில் பரப்பினேன். சாம்பார் அப்படியே இருந்தது. பாகற்காய் தொடாமல் இருந்தது. கூட்டுச் சட்டி மட்டும் வழித்துப் போட்டிருந்தது, ஓரத்தில் கொஞ்சம் மசியல் ஒட்டியிருந்தது. அதை விரலால் தொட்டு நாக்கு நுனியில் வைத்தேன். காலையிலிருந்து நான் ருசி பார்த்த முதல் பண்டம்.

கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. பாகற்காய் அதற்கு முன்னால் கற்கண்டு. வெல்லத்தையும் தேங்காயையும் தாண்டி வந்து நாக்கைப் பிடித்து இழுத்தது. துப்பினேன், துப்பத் துப்ப போகவில்லை. உடம்பெல்லாம் ஒரு தடவை உதறியது.

"டாக்டர்! பரங்கிக்காய் கசக்குது!"

டாக்டரம்மா ஓடிவந்தார். சட்டியை வாங்கி, தானும் ஒரு துளி நாக்கில் வைத்து, உடனே துப்பி வாயைக் கொப்பளித்தார்.

"சில சமயம் சுரைக்காய், பரங்கிக்காய்ல இப்படி ஒண்ணு கசந்துபோய் வரும். அதுவே விஷம்தான், வேக வச்சாலும் போகாது. ஆனா ஒரு வாய்க்கு மேல யாராலயும் இதச் சாப்பிட முடியாதேம்மா. எவ்வளவு சாப்பிட்டாரு?"

"சட்டி முழுக்க."

அவர் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? கட்டிலுக்குப் போய்க் குனிந்து, "அய்யா, அந்தக் கூட்டு கசந்துச்சா?" என்று கேட்டார்.

மாமாவின் பார்வை டாக்டரம்மாவைத் தாண்டிப் போனது. போலீஸ்காரர் இன்னும் அங்கேதான் நின்றார். மாமாவின் உதடு வெளுத்து ஒட்டிக் கிடந்தது. "நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் மறுபடியும்.

எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அந்த மனிதர் முன்னால் நான் குரலை உயர்த்திப் பேசியதே கிடையாது. அன்றைக்கு வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

"பொய் சொல்லாதீங்க மாமா! ஒவ்வொரு நாளும் உப்பு, புளி, காரம்னு சொல்லத் தெரியுதுல்ல? இப்ப மட்டும் வாயில என்ன? கசந்துச்சா இல்லையா? நீங்க சொல்லலன்னா தப்பு மருந்து போட்டுடுவாங்க, செத்துப்போயிடுவீங்க! சொல்லுங்க!"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபமா, ஆச்சரியமா, தெரியவில்லை.

"கசந்துச்சு," என்றார். "வாயில வைக்க முடியல."

டாக்டரம்மா நர்ஸைப் பார்த்து அந்த ஊசி வேண்டாம் என்று கை காட்டினார். இன்னொரு பாட்டில் கொண்டுவரச் சொன்னார். பிறகு மாமாவிடம், கோபப்படவும் முடியாமல், "அப்புறம் எதுக்குய்யா திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க?" என்றார்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"தெவச சோத்தக் கொட்டக் கூடாதும்மா. மிச்சம் வச்சா இது சாப்பிடும்." ஊசி குத்தாத கையை என் பக்கம் லேசாக அசைத்தார். "நேத்து ராவுலேருந்து பட்டினி. நான் கசக்குதுன்னு சொன்னாலும் வம்பு. ஏற்கனவே என்னயக் கண்டாலே நடுங்குது."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அடுப்படிக்குள் நான் விறைத்து நின்றது, தட்டுச் சத்தத்துக்குப் பயந்தது, எல்லாம் அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "அவரு மிச்சம் வச்சிருந்தா நீங்க சாப்பிட்டிருப்பீங்களா?"

படைத்த கூட்டு. கசந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியிருப்பேன். "ஆமா டாக்டர்," என்றேன்.

"வீட்ல வேற யாருமில்லன்னு சொன்னீங்க," என்றார். பாட்டில் சொட்டுவதைச் சரிபார்க்கப் போய்விட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்தேன். கிணற்றடியில் அவரும் அடுப்படியில் நானும் கிடந்திருப்போம். அக்காவைக் கத்திக் கூப்பிட ஆள் இருந்திருக்காது.

இருட்டுவதற்குள் பிரஷர் கொஞ்சம் ஏறியது. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்காது என்றார்கள். போலீஸ்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாத்தனார் வந்து அப்பா காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் மட்டும் அழாமல், மாமாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நின்றுவிடுமோ என்ற பயம் என்னைவிட்டுப் போகவே இல்லை.

"போயி எதாவது சாப்புடு," என்றார் மாமா, கண்ணைத் திறக்காமலே.

நாத்தனார் கேன்டீனில் இட்லி வாங்கி வந்து கையில் திணித்தாள். பசி குடலைப் பிடுங்கியது. இருந்தாலும் ஒரு விள்ளலைப் பிய்த்து, நாக்கு நுனியில் வைத்து, நன்றாக ருசி பார்த்துவிட்டுத்தான் விழுங்கினேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.